ஃபெம்டோஹெர்ட்ஸில் குடிநீர்

தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க மனிதகுலம் இதுநாள்வரை இரண்டே வழிகளைத்தான் அறிந்திருந்தது. ஒன்று, மழை பெய்வது. மற்றொன்று, கிணறு தோண்டுவது. முன்னது நம் கையில் இல்லை. பின்னதற்கு உடம்பு வளைய வேண்டும். இந்த இரண்டு தொல்லையும் வேண்டாம், ஒரு கால்குலேட்டரும் நாற்காலியும் போதும் என்று உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை, எங்கள் ஊர்க் குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த ஒரு மனிதரையே சாரும்.

அவருடைய பதவியின் பெயர் 'அலகு மாற்றுநர்'. முன்பு ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர். அதிர்வு என்றால் என்ன, ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்றால் எத்தனை ஹெர்ட்ஸ், அதை மேலே ஏற்றினால் என்ன, கீழே இறக்கினால் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரியாத ஒரே விஷயம், கேட்காதபோது சும்மா இருப்பது எப்படி என்பதுதான்.

குடிநீர் அலுவலகத்துக்கு இப்படி ஒருவர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. 'நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது' என்று எழுதுவது நாகரிகமான பழக்கம் அல்ல; நாள் என்பது பூமி சுற்றுவதைப் பொறுத்தது; பூமியின் செயல்பாட்டுக்கு எந்த அலுவலகமும் பொறுப்பேற்க இயலாது; ஆகவே இனி எல்லாச் சேவைகளின் அலைவெண்ணும் அறிவியல் அலகான ஹெர்ட்ஸில் மட்டுமே தெரிவிக்கப்பட வேண்டும். படித்துப் பார்த்த இயக்குநருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாததைச் செய்ய ஆள் எடுப்பதுதானே நிர்வாகம்? எடுத்துவிட்டார்.

முதல் நாளே நம் மாற்றுநர் கணக்கைப் போட்டு இயக்குநரின் மேசைமேல் வைத்தார். இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னய்யா இது? பூஜ்யமா வரிசைகட்டி நிக்குது?"

"0.0000028935 ஹெர்ட்ஸ் சார். நாலு நாளைக்கு ஒருதரம்னா விநாடிக்கு அவ்வளவுதான் வரும்."

"இதைக் கொண்டுபோய் மேலிடத்துல நீட்டினா என் மானம் என்னய்யா ஆகும்? தண்ணியே விடலைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

இங்கேதான் ஒரு சாதாரண ஊழியராக இருந்தால் "விட்டால் சரியாகப் போய்விடும் சார்" என்று உளறியிருப்பார். நம்மவர் அப்படிப்பட்டவர் அல்ல.

"அலகு சின்னதாக ஆக எண்ணு பெருசாகும் சார். மைக்ரோவுக்கு மாத்தினா 2.89 ஆகிடும். அதையே நானோவுக்கு இறக்கினா 2893."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அட! இன்னும் இறக்கு."

"பைக்கோ. இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம்."

"இறக்குய்யா, இறக்கு!"

"ஃபெம்டோ. இருநூத்து எண்பத்தொன்பது கோடி சார்."

நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கால் மணி நேரம், மஞ்சள் நிறத்தில் வரும் தண்ணீர், இரண்டு நிமிடத்தில், ஒரு வால்வைக்கூடத் தொடாமல், இருநூற்று எண்பத்தொன்பது கோடியாகப் பெருகியிருந்தது. அணை கட்டியவர்கள்கூட இவ்வளவு வேகமாகச் சாதித்ததில்லை.

"இதுக்கும் கீழே ஏதாவது இருக்கா?" என்றார் இயக்குநர், ஆசை விடாமல்.

"அட்டோ இருக்கு சார். ரெண்டு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் கோடி வரும்."

"வேணாம், வேணாம். லட்சம் கோடின்னு சொன்னா ஊழல்னு நினைச்சுப்பாங்க. ஃபெம்டோவே போதும். நமக்குப் பேராசை கூடாது."

அடுத்து புகார்கள். புகார்ப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். காலையில் தொலைபேசியைக் காதில் வைத்தால் மாலையில்தான் எடுப்பார். அரை நிமிடத்துக்கு ஒரு புகார் வந்துகொண்டிருந்தது. அதாவது 0.033 ஹெர்ட்ஸ். "இதை எந்தப் பக்கம் சார் மாத்தணும்?" என்று நம்மவர் கேட்டார்.

"இதெல்லாம் கேக்கணுமாய்யா? நல்லதைக் கீழே இறக்கு. கெட்டதை மேலே ஏத்து."

ஏற்றினார். கிலோ, மெகா, கிகா, டெரா. தசமப்புள்ளிக்குப் பிறகு பதின்மூன்று பூஜ்யங்கள் வந்து, அதன் பின்னால் ஒரு மூன்று ஒளிந்துகொண்டது. அலுவலக வாசலில் தொங்கிய மின்பலகையில் தசமப்புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கங்களுக்கு மேல் இடம் இல்லை. ஆகவே பலகை இப்படிப் பிரகாசித்தது: 'குடிநீர் வழங்கல்: 289,35,18,519. புகார்கள்: 0.000000.' வாசலில் காலிப் பக்கெட்டுகளோடு வந்து நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, தப்பான ஊருக்கு வந்துவிட்டோமோ என்று குழம்பினார்கள்.

புகார்ப் பிரிவு அம்மா மட்டும் மேலே வந்து, சிவந்த காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "புகாரே இல்லைன்னு போட்டிருக்கே. அப்போ இத்தனை நாளா என்னை வாய்க்கு வந்தபடி திட்டினதெல்லாம் யாரு?"

"நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது," என்றார் நம்மவர் பணிவாக. "டெராவுல பார்த்தா யாரும் திட்டலை."

புகாரே இல்லாத ஊருக்குப் புகார்ப் பிரிவு எதற்கு? அந்த அம்மாவைப் பூங்கா பராமரிப்புக்கு மாற்றிவிட்டார்கள். பூட்டிய அறைக்குள் தொலைபேசி மட்டும் கடமை உணர்ச்சியோடு அடித்துக்கொண்டே இருந்தது.

இவ்வளவு பெரிய மேதையைக் கட்டிய மனைவி எவ்வளவு பூரித்திருக்க வேண்டும்! ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டில் இருப்பவர்களின் அருமை தெரிவதில்லை. அவர் மனைவி வீட்டின் பின்கட்டில் ஒரு சலவைக் கடை வைத்திருந்தாள். அக்கம்பக்கத்துத் துணிகளில் ஆரம்பித்து, நாலு வருடம் கையும் காலும் வெளுக்க உழைத்து, கடைவீதியில் இருக்கும் லாட்ஜின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலையைப் பிடித்திருந்தாள். மாற்றுநர் இசைக்கவைகளை இழந்து வேலையில்லாமல் இருந்த காலத்தில் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த விரிப்புகளால்தான். லாட்ஜ்காரர் நல்ல மனிதர். ஆனால் ஒரு தடவை தாமதமானால் முகம் சுளிப்பார், அடுத்த தடவை வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். தண்ணீர் என்பது அவளுக்குக் குடிப்பதற்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும்.

மின்பலகையின் புகழ் தெருவரை வந்த அன்று அவள் கணவனை நிற்க வைத்துக் கேட்டாள்.

"என்னங்க, இருநூத்து எண்பத்தொன்பது கோடின்னு போட்டிருக்காமே?"

"ஆமா," என்றார் அவர், அடக்கத்தோடு. "நான்தான் போட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். அதுல ஒரு நாலு கோடியை இந்த பக்கெட்டுல பிடிச்சுக் குடுங்க. தலையணை உறை ஊறப்போடணும்."

"அது அப்படிப் பிடிக்கிற விஷயம் இல்லம்மா. அது அலைவெண்."

"அதான பார்த்தேன். பிடிக்க முடியாததாத்தான் இருக்கும்னு."

அறிவியலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே எப்போதும் இப்படி ஒரு இடைவெளி இருந்துதான் வருகிறது. அவர் பெரிய மனது பண்ணி அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்த ஆண்டு 'சிறந்த குடிநீர் வழங்கல்' விருதுக்கு எல்லா ஊர்களிலிருந்தும் எண்கள் போயின. பக்கத்து ஊரில் தினமும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அங்கே மாற்றுநர் என்று தனியாக யாரும் இல்லாததால், தினமும் ஒருமுறை என்பதை மைக்ரோவில் மாற்றி 11.57 என்று எழுதி அனுப்பிவிட்டு அப்பாவியாக உட்கார்ந்திருந்தார்கள். மேலிடத்தில் அட்டவணை தயாரித்தவர்கள் கலையுணர்வு மிக்கவர்கள். அலகு என்ற பத்தி அட்டவணையின் அழகைக் கெடுக்கிறது என்று அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவை எண்கள் மட்டுமே. எங்கள் ஊர், இருநூற்று எண்பத்தொன்பது கோடி. பக்கத்து ஊர், பதினொன்று.

விருது எங்களுக்கு வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய விருது. இயக்குநர் அறையில் அதை மாட்ட ஆணி அடித்தபோது சுவருக்குள் இருந்த குழாயில் ஆணி இறங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, அதில் தண்ணீர் இல்லை.

விருது விழாவில் மேலிடத்து அதிகாரி கண் கலங்கிப் பேசினார். "ஒரு ஊர்ல கோடிக்கணக்குல வருது. பக்கத்து ஊர்ல பாவம், பதினோரே பதினொண்ணு! இது நியாயமா? நம்ம மனசாட்சி கேக்காதா?" எல்லோருடைய மனசாட்சியும் கேட்டது. உடனே 'சமன்பாட்டுத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. மிகுதியான ஊர், குறைவான ஊருக்குப் பகிர வேண்டும். பெரிய குழாயின் வால்வைப் பாதி திருகி, எங்கள் தண்ணீரைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிட்டார்கள்.

எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை ஆயிற்று. பக்கத்து ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு முறை. அவர்கள் பக்கெட்டில் இடமில்லாமல் செடிகளுக்கும், செடிகளுக்கும் போதும் போதும் என்றானபின் தெருவுக்கும் ஊற்றினார்கள். ஆனால் மேலிடத்தை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியுமா? மறுபடி அட்டவணையைப் பார்த்தார்கள். எங்கள் ஊர், நூற்று நாற்பத்து நாலு கோடி. பக்கத்து ஊர், இருபத்து மூன்று. "இன்னுமா இவ்வளவு வித்தியாசம்!" என்று பதறிப்போய் வால்வை இன்னும் திருகினார்கள்.

பின்கட்டில் விரிப்புகள் மலையாகக் குவிந்தன. லாட்ஜ்காரர் முதல் தடவையாக முகம் சுளித்துவிட்டுப் போனார். மாற்றுநரின் மனைவிக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அவளுக்குப் பேச்சு குறைந்தால் வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

அதனால்தான் நம்மவர் ஒரே ஒரு முறை, தன் இயல்புக்கு மாறாக, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இயக்குநரிடம் போனார்.

"சார், ஒரு சின்ன விஷயம். அவங்க போட்டது மைக்ரோ. நாம போட்டது ஃபெம்டோ. ரெண்டையும் ஒரே அலகுல போட்டா, ஆரம்பத்துலயே அவங்களுக்கு ஆயிரத்து நூத்து அம்பத்தேழு கோடி இருந்துச்சு சார். நமக்கு அதுல கால்பங்குதான். இல்லாதவங்ககிட்டருந்து பிடுங்கி இருக்கிறவங்களுக்குக் குடுத்துட்டிருக்கோம்."

இயக்குநர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"இதைச் சொன்னா என்னய்யா ஆகும்?"

"தண்ணியைத் திருப்பிக் குடுத்துடுவாங்க சார்."

"விருதை?"

"அதை நாம திருப்பிக் குடுக்கணும்."

"ஆணி அடிச்சாச்சேய்யா," என்றார் இயக்குநர், வருத்தத்தோடு.

அதற்குமேல் என்ன பேச? வால்வு மூன்றாவது முறை திருகப்பட்டது. திருகியவர் கொஞ்சம் பலசாலி. அது முழுக்க மூடிக்கொண்டது.

ஊருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குழாயைத் திறந்தால் உள்ளிருந்து காற்று மட்டும் பெருமூச்சு விட்டது. மாதாந்திர அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. நம்மவர் கணக்கைப் போட்டார். இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"பூஜ்யம் சார்."

"ஃபெம்டோவுக்கு இறக்கு."

"இறக்கிட்டேன் சார். பூஜ்யம்."

"அட்டோ? ஊழல்னு சொன்னாலும் பரவால்லய்யா, சொல்லிட்டுப் போறாங்க!"

"அதுலயும் பூஜ்யம். அதுக்குக் கீழே செப்டோ, யோக்டோ எல்லாம் இருக்கு. எதுல போட்டாலும் பூஜ்யம்தான் சார். பூஜ்யத்தை இறக்கவும் முடியாது, ஏத்தவும் முடியாது."

எப்படிச் சொன்னாலும் மாறாத ஒன்றை அந்த அலுவலகம் அன்றுதான் முதல் தடவையாகச் சந்தித்தது. இயக்குநருக்கு வியர்த்துவிட்டது.

நம்மவருக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. காரணம் உண்டு. தண்ணீர் வராத ஊர் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால், மறுநாளே லாரியில் தண்ணீர் அனுப்ப வேண்டும் என்பது விதி. லாரிப் பிரிவில் அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். முதல் லாரி அவர் தெருவுக்குத்தான். அன்று காலை கிளம்பும்போது மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்: "நாளைக்குக் காலைல லாரி வந்துடும். லாட்ஜ்காரர்கிட்ட ஒரு நாள் பொறுத்துக்கச் சொல்லு." எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் அவரைப் பார்த்துச் சிரித்திருந்தாள். "பரவால்லையே, உங்க ஆபீசால ஒரு உபயோகம்," என்றுகூடச் சொன்னாள்.

எழுத வேண்டியது இரண்டே வார்த்தை. 'தண்ணீர் வரவில்லை.' பேனாவையும் எடுத்துவிட்டார்.

"ஏய்யா," என்றார் இயக்குநர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "பூஜ்யம்னா, வரவே இல்லைன்னு ஒரே அர்த்தம்தானா?"

கேட்டது சாதாரணமாகத்தான். "ஆமா சார்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அலைவெண்ணைப் பற்றி ஒருவர் ஆர்வமாகக் கேள்வி கேட்கிறார்! ஆய்வுக்கூடத்தில் இருந்த வருடங்களில் ஒரு மாணவன்கூட அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல கேள்வி சார்! ரெண்டு விதமா பூஜ்யம் வரும். ஒரு விநாடிக்கு எத்தனை தடவை 'வருது'ன்னுதானே எண்றோம்? வரவே இல்லைன்னா பூஜ்யம். அதே மாதிரி, எப்பவோ வந்த தண்ணி நிக்கவே இல்லைன்னாலும் பூஜ்யம்தான். நின்னாத்தானே மறுபடி வர முடியும்? ராத்திரி பகலா ஒரே சீரா ஓடிட்டே இருந்தா, அதுக்கு அலைவெண்ணே கிடையாது!"

சொல்லி முடித்த பிறகுதான் இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். அங்கே வியர்வை காய்ந்திருந்தது.

"எங்க வீட்டுத் தனிக் குழாய்ல அப்படித்தான்யா வருது!" என்றார் இயக்குநர், துள்ளி எழுந்து. "நிக்கிறதே இல்ல. அப்போ எங்க வீட்டுக் கணக்கும் பூஜ்யம்தான்?"

"கணக்குப்படி... ஆமா சார்."

"ஊர்க் கணக்கும் பூஜ்யம்?"

"ஆமா. ஆனா சார், அது வந்து..."

"என்ன ஆனா? எண்ணுல ஏதாவது வித்தியாசம் இருக்கா?"

"எண்ணுல இல்லை சார்."

"அப்போ ஊர் பூரா எங்க வீடு மாதிரிதான்யா தண்ணி வருது! எழுது. 'இடைவிடாத குடிநீர் வழங்கல்.' கீழே அலகு மாற்றுநர்னு கையெழுத்துப் போடு. இல்ல, இரு. 'தலைமை அலகு மாற்றுநர்'னு போடு. இன்னைலேருந்து உனக்குப் பதவி உயர்வு."

அவர் போட்டார். நடுக்கமில்லாத, அழகான கையெழுத்து. லாரிப் பிரிவுக்கு உடனே தகவல் போயிற்று: இடைவிடாது தண்ணீர் வரும் ஊருக்கு லாரி அனுப்புவது அரசுப் பணத்தை வீணடிக்கும் செயல். அன்றே மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்தது. இயக்குநர் எல்லோருக்கும் டீ வாங்கித் தரச் சொன்னார். கடைக்காரர் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டதால் பிஸ்கட் மட்டும் வந்தது.

மறுநாள் காலை. பின்கட்டில் அவர் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாத் தொட்டிகளையும் சோப்புத்தூள் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். கழுத்தைத் தெருப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லாரி எத்தனை மணிக்குங்க?"

அவர் இரவே சொல்லியிருக்க வேண்டும். பதவி உயர்வை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

"லாரி வராதும்மா."

"ஏன்? பேசிட்டேன்னு சொன்னீங்களே."

"நம்ம ஊருக்கு இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி வருதுன்னு அறிக்கை போயிடுச்சு."

அவள் கோபப்படவில்லை. குழாய் பக்கம் போய் அதைத் திறந்தாள். அது பெருமூச்சு விட்டது. மூடினாள்.

"யாரு எழுதினது?"

அவர் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். வராததன் பூஜ்யம், நிற்காததன் பூஜ்யம், எண்ணளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லாமை எல்லாவற்றையும் படிப்படியாக, காலித் தொட்டியின் விளிம்பில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"இது ரெண்டுல நம்ம வீட்டுது எதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

அவர் பதில் சொல்லுமுன் வாசலில் லாட்ஜ்காரரின் வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே வந்து, துவைக்காத விரிப்பு மூட்டைகளைப் பார்த்தார்; ஈரம் படாத சோப்புத்தூளைப் பார்த்தார்; மூட்டைகளைத் தூக்கி வண்டியில் போட ஆரம்பித்தார். அவளும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை காலியாக இல்லை. நாலு வருடத்து உழைப்பு, பத்து நிமிடத்தில் வாசலைத் தாண்டிப் போயிற்று.

கடைசி மூட்டையை ஏற்றிவிட்டு லாட்ஜ்காரர் சங்கடத்தோடு சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. எனக்கும் வேற வழியில்ல. ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியலை. உங்க வீட்டுக்காரர் தண்ணி ஆபீஸ்லயே இருக்கார், பெரிய படிப்பாளின்னு வேற சொல்றாங்க. ஊர்ல தண்ணி வரலைங்கிறது அவருக்குத் தெரியாதா?"

அவள் திரும்பி, காலித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தலைமை அலகு மாற்றுநரை ஒரு முறை பார்த்தாள்.

"அது மட்டும் தெரிஞ்ச ஒரு ஆள் அந்த ஆபீஸ்ல இருந்திருந்தா, இந்நேரம் லாரி வந்திருக்கும் சார்."